பிறபொருளெதிரி

மருதமுனை
12 ஜனவரி 2023

அன்புள்ள றிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்றுப் போனில் நீங்கள் டோஹாவில் குளிர் என்றீர்கள், நான் இங்கே மழை என்றேன். சொல்ல நினைத்ததைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். சொல்லத் தொடங்கியிருந்தால் பாதியிலேயே "அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்று நீங்கள் முடித்திருப்பீர்கள். கலியாணம் பேசி முடித்த இத்தனை மாதத்தில் உங்களைப் பற்றி அவ்வளவாவது எனக்குத் தெரியும். ஆகவே மின்னஞ்சலில் எழுதுகிறேன். முழுவதையும் வாசித்த பிறகுதான் நீங்கள் பேச முடியும்.

எனக்கு லூபஸ் என்ற வருத்தம் இருக்கிறது. சந்தேகம் இல்லை. இரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது.

போன வருடம் விரல்களில் தொடங்கியது. காலையில் எழும்பினால் கையை மடக்க முடியாது. கரும்பலகையில் எழுதப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். சிக்கன்குனியா வந்து போயிருக்கும் என்றார்கள், நானும் நம்பினேன். பிறகு ஒரு நாள் பாடசாலை மைதானத்தில் வெயிலில் நின்றேன். இரண்டு கன்னமும் மூக்கும் சிவந்தன. அந்தச் சிவப்பு போகவே இல்லை. போன மாதம் மட்டக்களப்பில் டொக்டர் கஜனியிடம் போனோம். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இதை எனக்கே விளங்கப்படுத்திக்கொண்ட விதத்தில் உங்களுக்கும் எழுதுகிறேன். வெளியிலிருந்து ஒரு கிருமி உள்ளே வந்தால் வெண்குருதிக் கலங்கள் அதை வேற்று ஆள் என்று கண்டுபிடிக்கின்றன. சில அதை விழுங்கும். சில அதற்கென்றே அளவெடுத்ததுபோல் பிறபொருளெதிரிகளைச் செய்து விடும். காய்ச்சல் மாறிய பிறகும் சில கலங்கள் அந்தக் கிருமியை ஞாபகம் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கும். தடுப்பூசி வேலை செய்வது அந்த ஞாபகத்தால்தான். இந்தக் கலங்களில் ஒரு பகுதி நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சிறிய சுரப்பியில்தான் வளர்கிறது. சொந்த உடம்பையே எதிரியாக நினைக்கும் கலம் அங்கே அகப்பட்டால் அதை அங்கேயே அழித்துவிடும். எல்லோருக்கும் ஒன்றிரண்டு தப்பும். தப்பியவற்றை அடக்கி வைக்கவும் உடம்பில் ஏற்பாடு இருக்கிறது. எனக்கு அந்த ஏற்பாடு பிழைத்துவிட்டது. பிறபொருளெதிரி என்ற பெயரிலேயே 'பிற' இருக்கிறது. என்னுடைய எதிரிகள் என்னையே பிற என்று நினைக்கின்றன.

உம்மாவுக்கு நான் எழுதுவது தெரியாது. "நிக்காஹ் முடியட்டும் மகள். ஒரு புள்ள கெடச்ச பொறகு மெல்லச் செல்லிக்கலாம்" என்கிறா. ஒளித்துச் செய்கிற கலியாணத்தில் குளிசையையும் ஒளித்துத்தான் விழுங்க வேண்டும். என்னால் அது முடியாது.

பெருநாள் முடிந்து நிக்காஹ் என்று பேசியிருக்கிறார்கள். யோசித்துவிட்டு எழுதுங்கள். அவசரமில்லை. ஆனால் ஆறுதல் மட்டும் எழுத வேண்டாம்.

சஹ்லா

*

டோஹா
29 ஜனவரி 2023

அன்புள்ள சஹ்லா,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை லிஃப்ட் திருத்தப் போன ஒரு கட்டடத்தின் மோட்டார் அறையில் இருந்து வாசித்தேன். கீழே ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். என்னால் எழும்ப முடியவில்லை.

எனக்கு உங்களைப்போல் எழுத வராது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறுதல் வேண்டாம் என்றீர்கள், அதனால் உள்ளதைச் சொல்கிறேன்.

கோபமும் வந்தது. இவ்வளவு நாளும் என்னோடு சிரித்துக் கதைத்தது இந்த வருத்தத்தோடுதானா என்று நினைத்தேன். பிறகு என் மேலேயே கோபம் வந்தது. கை நோகிறது என்று நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள். நான் சித்தாலேபத் தைலம் பூசுங்கள் என்றேன்.

இது தொற்றுமா? நான் அப்படி நினைக்கவில்லை, ஆனால் கேட்பார்கள். பிள்ளை பெறலாமா? பிள்ளைக்கு வருமா? உயிருக்கு... இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

இன்னொன்று. உம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் கேட்காமல் சொன்னது பிழை. கன்னச் சிவப்பு, மூட்டு நோவு என்று சொல்லிக்கொண்டு போனேன். உம்மா ஒன்றும் விசாரிக்காமல் "இந்தக் கலியாணம் வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டா. திருப்பி எடுத்து ஏன் என்று கேட்டால் வேறு கதைக்குப் போகிறா. என் உம்மா அப்படி வெட்டிக் கதைக்கிற ஆள் இல்லை. உங்களுக்குத் தெரியும், உங்களைப் பார்த்துப் பிடித்துப்போய்ப் பெண் கேட்டு வந்ததே அவதான்.

எனக்குக் கொஞ்ச நாள் தாருங்கள்.

றிஸ்மி

*

மருதமுனை
20 பெப்ரவரி 2023

றிஸ்மிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில். தொற்றாது. பிள்ளை பெறலாம். ஆனால் வருத்தம் நன்றாக அடங்கி, குளிசையை மாற்றி, டொக்டர் சொன்ன பிறகு. பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட, ஆனாலும் பெரும்பாலும் வராது. உயிருக்கு ஆபத்தா என்றால், கவனிக்காமல் விட்டால் ஓம். நான் கவனிக்காமல் விடுகிற ஆள் இல்லை.

இனி உங்கள் உம்மா. போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நிந்தவூரிலிருந்து தனியே ஓட்டோவில் வந்தா. என் உம்மா கதிரையை இழுத்துப் போட்டா, அவ இருக்கவில்லை. என் நாடியைப் பிடித்துத் தூக்கி முகத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினா. கன்னத்தைத் தடவினா. "கால் வீங்குதா புள்ள?" என்று கேட்டா. பின்னேரத்தில் கொஞ்சம் என்றேன். "மூத்திரம் நொரைக்கிதா?" என்றா. ஓம் என்றேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டா.

மறுநாள் உங்கள் பள்ளிவாசல் பக்கத்து ஆள் ஒருவர் வந்து "இந்த விஷயத்த இதோட நிப்பாட்டுவம்" என்று வாப்பாவிடம் சொன்னார். வாப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். உம்மா இரண்டு நாளாக என்னைத் திட்டுகிறா. "ஒன்ட வாயால கெட்டாய்" என்கிறா.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. நுரையைப் பற்றி டொக்டர் கேட்பார். உங்கள் உம்மா எப்படிக் கேட்டா?

சிறுநீரில் புரதம் போகிறது, நுரை அதனால்தான். சிறுநீரகத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். மார்ச்சில் ஆஸ்பத்திரி வாட்டில் நிற்பேன்.

நிறுத்துவதென்றால் நீங்கள் நிறுத்துங்கள் றிஸ்மி. நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிவாசல் பக்கத்து ஆளின் வாயால் வேண்டாம்.

சஹ்லா

*

டோஹா
9 மார்ச் 2023

அன்புள்ள சஹ்லா,

உம்மாவிடம் கேட்டேன். முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சொல்லவில்லை. "செல்லாட்டி நான் லீவு போட்டு வந்து ஒங்களுக்கு முன்னால இருப்பன்" என்றேன். அதன் பிறகு சொன்னா.

உம்மாவுக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறா. நபீறா சாச்சி. நான் பிறப்பதற்கு முன்னமே மௌத்தாகிவிட்டா. எங்கள் வீட்டில் அவவுடைய படம்கூட இல்லை. அழகான ஆளாம், நன்றாகச் சிரிப்பாவாம். கலியாணம் முடித்த அடுத்த வருடம் கன்னம் சிவந்தது, மூட்டு வீங்கியது, முடி கொட்டியது. அப்போது சண்டைக் காலம், ரோட்டால் போக ஏலாது. பாதை திறக்கிற நாளிலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் தண்ணீர் ஓதவும் நூல் கட்டவும்தான் கொண்டு திரிந்தார்கள். ஏதோ பிடித்திருக்கிறது என்றார்களாம். அவவுடைய புருஷன் அதைக் கேட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. கடைசியில் உடம்பு முழுக்க ஊதிப்போய் மூச்சு எடுக்க முடியாமல் உம்மாவின் மடியில் மௌத்தாகியிருக்கிறா. உயிரற்ற உடம்பைக் குளிப்பாட்டியதும் உம்மாதான்.

"ஒரு தரம் கழுவினன் மகன். இன்னொரு தரம் என்னால ஏலா" என்று சொல்லி அழுதா.

உம்மா உங்களை வெறுக்கவில்லை. உங்களைக் கண்டதும் அவவுக்குச் சாச்சியைக் கண்டது மாதிரி.

நான் நிறுத்தவில்லை. ஆனால் நிக்காஹைக் கொஞ்சம் தள்ளிப்போடுவோமா? உம்மாவின் மனம் ஆறட்டும். உங்கள் சிறுநீரகத்துக்கு என்ன என்று தெரியட்டும். தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம்.

துஆவோடு,
றிஸ்மி

*

மருதமுனை
31 மார்ச் 2023

றிஸ்மிக்கு,

'தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம்' என்ற வரியை வாட்டுக் கட்டிலில் இருந்து வாசித்தேன். தெரிந்துவிட்டது, எழுதுகிறேன். முடிவெடுங்கள்.

சிறுநீரகத்தில் அழற்சி இருக்கிறது. இரத்தத்தில் அலையும் பிறபொருளெதிரிகள் என் சொந்தக் கலங்களின் உள்ளீட்டோடு ஒட்டிக்கொண்டு கட்டிகட்டியாகச் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்திருக்கின்றன. படிந்த இடத்தில் மற்றக் கலங்கள் எல்லாம் வந்து சண்டை பிடிக்கின்றன. மூன்று நாள் ஊசியில் கடும் மருந்து ஏற்றினார்கள். இனிக் குளிசை. இவை என் நிர்ப்பீடனத்தை, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை, அமத்தி வைக்கும். சண்டை நிற்கும், ஆனால் உண்மையான கிருமி வந்தாலும் உடம்பு பலமாக எதிர்க்காது. இரண்டுக்கும் நடுவில் அளவு பார்த்துப் போக வேண்டும். டொக்டர் கஜனி "புடிச்ச நேரம் நல்ல நேரம், இத அடக்கலாம்" என்றார். அவர் வீண் நம்பிக்கை தருகிற ஆள் இல்லை, நான் நம்புகிறேன்.

முகம் ஊதியிருக்கிறது. நோன்பு பிடிக்க வேண்டாம் என்றுவிட்டார்கள். கண்ணாடியைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, சில நேரம் சிரிப்பு வருவதில்லை.

சாச்சியின் கதையை வாசித்து அழுதேன். உங்களை நினைத்து அல்ல, அவவை நினைத்து. அதோடு சும்மா இருக்க முடியவில்லை. வாட்டிலிருந்து வந்த மறுகிழமை வாப்பாவைக் கூட்டிக்கொண்டு நிந்தவூருக்குப் போனேன். வாப்பா மதிலுக்கு வெளியே நின்றார். உங்கள் உம்மா என்னைக் கண்டு உள்ளே போகப் பார்த்தா.

"மாமி, என்னப் பாத்து அழுதது போதும். அடுத்த கிளினிக்குக்கு என்னோட வாங்க" என்றேன்.

"நான் வந்து என்ன செய்ற?"

"சாச்சிக்கு என்ன வந்தெண்டு ஆரும் ஒங்களுக்குச் செல்லல்லயே. வந்து கேளுங்க."

அவ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் பஸ் நேரத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தள்ளிப்போடுவது எனக்குச் சம்மதம், ஆனால் காரணம் வேறு. இந்த மருந்தோடு கலியாண வேலைகளைத் தாங்க முடியாது. உங்கள் மனம் ஆறுவதற்காக நான் காத்திருக்கவில்லை.

சஹ்லா

*

டோஹா
6 ஏப்ரல் 2023

சஹ்லா,

நீங்கள் கோபப்பட்டது சரி. 'முடிவெடுக்கலாம்' என்று எழுதியது, பழுது பார்க்க வந்த ஆள் விலை சொல்வது மாதிரி இருக்கிறது. எழுதும்போது விளங்கவில்லை.

உம்மா போன் எடுத்தா. நீங்கள் போனதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொன்னா. "மருதமுனப் புள்ளைக்கு வாய் இரிக்கி." கோபமா, பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை. வருவாவா என்றும் தெரியாது.

என் முடிவைக் கேட்டீர்கள். சாச்சியின் புருஷன் திரும்பி வராத கதையை உம்மா சொன்ன நாளிலிருந்து அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவரும் என்னைப்போல் பயந்திருப்பார். எனக்கு இன்னும் பயம் போகவில்லை. பயத்தோடே உங்களைக் கலியாணம் முடித்துக்கொள்ளத்தான் விரும்புகிறேன். இரக்கத்தில் கேட்கவில்லை. உங்களோடு கதைக்காத நாள் எனக்கு நாளாகவே இல்லை.

பதில் உடனே வேண்டாம். இந்த முறை நான் காத்திருக்கிறேன்.

றிஸ்மி

*

மருதமுனை
27 மே 2023

றிஸ்மிக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம் கடைசியில். முதலில் கிளினிக்.

நான் மருதமுனையில் பஸ்ஸில் ஏறும்போது உங்கள் உம்மா ஏற்கனவே உள்ளே இருந்தா. தன் பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்திருந்தா. நான் இருந்ததும் என் பக்கம் வெயில் விழுகிறது என்று சொல்லி இடம் மாறினா.

கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் திருக்கோவில் கனகேஸ்வரியக்கா இருந்தா. லூபஸ் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறதாம். உங்கள் உம்மா அவவைப் பார்த்த பார்வையில் நம்பிக்கையே இல்லை.

"ஒங்களுக்கும் மூத்திரம் நொரைச்சதா?"

"ஓமக்கா. கால் ரெண்டும் ஒரலு மாதிரி. இவ உசிரோட இரிக்கமாட்டாள் எண்டு எங்கட ஆக்களே கதைச்சவங்க."

"புள்ளைகள்?"

"ரெண்டு. மூத்தவன் சுலக்சன் கெம்பஸ் போறான். நான் இன்னும் வயலுக்குப் போறனான், வெயிலுக்கு முன்னமே போய்ட்டு வந்திருவன். குளிசய மட்டும் விடமாட்டன். ஒருக்கா நல்லாயிற்று எண்டு விட்டுப் பாத்தன், பட்டுட்டன்."

உங்கள் உம்மா அவவின் கையைப் பிடித்துப் பார்த்தா. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தா. கனகேஸ்வரியக்கா சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தா.

உள்ளே போனதும் உங்கள் உம்மா டொக்டர் கஜனியிடம் என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சாச்சியின் கதையை முதலிலிருந்து சொன்னா. வெளியே எத்தனையோ பேர் காத்திருந்தார்கள், டொக்டர் இடையில் மறிக்கவில்லை. முடிந்ததும், "நான் அவவப் பாக்கல்ல அம்மா, அதால நிச்சயமாச் சொல்ல ஏலாது. ஆனா நீங்க சொல்ற எல்லாம் இந்த வருத்தத்தோட பொருந்துது" என்றார்.

"அப்ப அவள ஒண்டும் புடிக்கல்லயா?"

"இல்ல அம்மா. கிருமியக் கொல்லப் படைச்ச சக்தி ஆள் மாறி அவவையே அடிச்சிருக்கு. அவவும் பிழை செய்யல்ல, நீங்களும் செய்யல்ல."

உங்கள் உம்மா, "அவளுக்கு ஏதோ புடிச்சிரிக்கெண்டு கடசில அவளே நம்பினாள் டொக்டர். தன்னப் பாத்துத் தானே பயந்தாள்" என்றா. டொக்டர் எழுந்து வந்து அவவின் தோளில் கை வைத்தார்.

இனித் தாமதத்துக்குக் காரணம். பெருநாளுக்குப் பிறகு எனக்கு ஒரு சாதாரண சளித் தடிமன் வந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது, அவர்களுக்கு மாறிவிட்டது. அமத்தி வைத்த என் உடம்பால் அதை மறிக்க முடியவில்லை, நியூமோனியாவாகி வாட்டில் போட்டார்கள். இரண்டு நாள் எனக்கு நினைவு சரியாக இல்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் எல்லோரையும் கேட்டேன். நீங்கள் அங்கே உயரத்தில் நின்று வேலை செய்கிற ஆள்.

கண் விழித்தபோது வாட்டு வாசலில் உங்கள் உம்மா கதிரை போட்டு இருந்தா. என் உம்மா சொன்னா, என்னை வாட்டில் போட்ட செய்தி கேட்ட நேரத்திலிருந்து அங்கேதானாம். பார்க்க வந்த என் பெரியம்மாவின் மகளை, "நீ இருமுற, வெளிய நில்லு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறா. பாடசாலை அதிபரைக்கூடக் கை கழுவினால்தான் உள்ளே விடுவேன் என்றாவாம். அவர் கழுவிவிட்டு வந்தார்.

காய்ச்சல் இறங்கிய அன்று கஞ்சி ஊட்டும்போது, "புள்ள, நான் இந்தக் கலியாணத்த வேணாமெண்டது ஒனக்காக இல்ல, எனக்காக" என்றா. தெரியும் மாமி என்றேன். வாயைத் திற என்றா.

உங்கள் கேள்விக்குப் பதில்: ஓம். ஆனால் சிறுநீரில் புரதம் குறைந்து, மருந்தின் அளவும் குறைந்த பிறகு. அதற்கு மாதங்களாகும், ஒரு வருடமும் ஆகலாம். நான் அவசரப்படவில்லை. நீங்கள் வேறு முடிவுக்கு வந்தால் அதையும் எழுதுங்கள், உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

சஹ்லா

*

டோஹா
30 மே 2023

சஹ்லா,

நியூமோனியாவை எனக்கு ஒளித்தீர்கள். ஒளித்துச் செய்கிற கலியாணம் முடியாது என்று முதல் கடிதத்தில் எழுதிய ஆள் நீங்கள்தான். இனிமேல் அப்படிச் செய்யக்கூடாது. நான் இதைக் கேட்டு லிஃப்டுக்குள் விழுந்துவிட மாட்டேன்.

ஒரு வருடம் என்றால் ஒரு வருடம். வேறு முடிவு இல்லை.

றிஸ்மி

*

மருதமுனை
3 பெப்ரவரி 2024

அன்புள்ள றிஸ்மி,

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. சிறுநீரில் புரதம் அநேகமாக இல்லை. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. கடும் குளிசையின் அளவைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார்கள். இது மாறிப்போனது என்று அர்த்தமில்லை, அடங்கியிருக்கிறது. அந்தக் கலங்கள் என்னை மறக்கவில்லை. நானும் அவற்றை மறக்காமல் வாழ்நாள் முழுக்கக் குளிசை எடுப்பேன், வெயிலுக்கு முகத்தைக் காட்ட மாட்டேன், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். இதோடு வாழலாம். நான் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறேன். விரல் மடங்குகிறது, கரும்பலகையில் நானே எழுதுகிறேன், முகமும் பழையபடி நீளத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் அந்த உருண்டை முகத்தைப் பார்க்காமல் போனது உங்கள் நட்டம்.

நேற்றைய கிளினிக்கில் நடந்ததை உங்கள் உம்மா உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டா. நான் சொல்கிறேன்.

இந்த முறை அவ என்னோடு வரவில்லை. நிந்தவூரிலிருந்து வேறு இருவரைக் கூட்டிக்கொண்டு எனக்கு முன்னமே வந்து வாங்கில் இருந்தா. உங்கள் வீட்டு ஒழுங்கையில் கடைசி வீட்டு அம்ஹாவும் அவளுடைய தாயும். அம்ஹா ஓ.எல் பரீட்சை எழுத இருக்கிற பிள்ளை. இரண்டு கன்னமும் சிவப்பு, நெற்றியோரத்தில் முடி உதிர்ந்திருந்தது, கழுத்தில் புது நூல் ஒன்று. தாய் பயந்துபோய், "இஞ்ச வந்தது ஊருக்குத் தெரிஞ்சா இவள ஆரு முடிக்கிற" என்று முந்தானைக்குள் அழுதுகொண்டிருந்தா.

"முதல்ல புள்ள உசிரோட இரிக்கட்டும்" என்றா உங்கள் உம்மா. "நூலக் கட்டுறதெண்டா கட்டு, நான் வேணாமெண்டு செல்லல்ல. குளிசயக் குடுத்துப்போட்டுக் கட்டு. என்ட தங்கச்சிக்கு வெறும் நூல் மட்டும்தான் கெடச்சிச்சு."

அம்ஹா தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். உங்கள் உம்மா அவளுடைய நாடியைப் பிடித்து என் பக்கமாகத் திருப்பினா.

"அந்தா பாரு, நல்லாப் பாரு. போன வருசம் இவளும் இப்பிடித்தான் இருந்தாள். இவள் என்ட மருமகள்."

றிஸ்மி, அந்தச் சொல்லை அவ இதுவரை என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் எழும்பிப் போய் அம்ஹாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "முடி திரும்ப வளருமா டீச்சர்?" என்று கேட்டாள். வளரும் என்றேன். அதற்குள் அவளுடைய நம்பரைக் கூப்பிட்டார்கள்.

லீவுக்கு எழுதிப் போடுங்கள்.

சஹ்லா